வாந்தியும் வயிற்றோட்டமும்: தொற்றும் வைரஸ்தானா என்று அறிவது எப்படி?

தோட்ட லயத்தில் ஒரு பிள்ளை வாந்தியெடுத்தால், குளிர் பிடித்துவிட்டது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் இரண்டு நாளைக் கடத்திவிடுகிறோம். அதற்குள் அடுத்த காம்பராப் பிள்ளையும் படுத்துவிடுகிறது. ஆகவே, யாருக்குப் பின் யாருக்கு வந்தது என்பதை முதலில் கவனியுங்கள். ஒரே விருந்தில் உண்டவர்கள் சில மணித்தியாலங்களுக்குள் ஒன்றாக வாந்தியெடுத்தால் பெரும்பாலும் உணவையே சந்தேகிக்கலாம். இப்படி வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் தொற்றச் செய்யும் நொரோவைரஸ் என்ற கிருமியோ உடலில் புகுந்து 12 முதல் 48 மணித்தியாலங்களின் பின்னரே வெளிப்படுவதால், வீட்டில் ஒருவர் எழும்பும்போது மற்றவர் விழுவார்.

நன்றாக இருந்தவருக்குத் திடீரெனக் குமட்டி, அடக்க முடியாத வாந்தியும், தண்ணீராகப் போகும் வயிற்றோட்டமும், வயிற்றை முறுக்கும் வலியும் வரும். இலேசான காய்ச்சலும் உடல் வலியும் சேரலாம். பெரும்பாலும் 1 முதல் 3 நாட்களில் தணியும். சிறு பிள்ளைகளை வாட்டும் ரொட்டாவைரஸ் 3 முதல் 8 நாட்கள் வரை நீடிக்கும். மலத்தில் இரத்தம் கண்டால் அது வேறு நோயாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உயிருக்கு ஆபத்து நீரிழப்பில்தான் இருக்கிறது. மலைக் குளிரில் தாகம் அவ்வளவாகத் தெரியாது. போதாததற்கு, தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று பயந்து கொடுக்காமலே விடுபவர்களும் உண்டு. அந்தப் பயம் தவறானது. பிள்ளையின் வயிற்றுத் தோலை இரு விரல்களால் மெதுவாகக் கிள்ளி விடுங்கள்: உடனே படியாமல் மடிப்பாகவே நின்றால் உடலில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். கண் குழிவது, கண்ணீரில்லாமல் அழுவது, கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்குவது, 6 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாதது, கூப்பிட்டாலும் சோர்ந்து கிடப்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும், மேல் டிவிசனில் இருப்பவர்கள் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் 1990 இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸ் வரவழைக்க வேண்டும்.

அதுவரை, பொதியில் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் ஜீவனியை (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புத் தூள்) கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தியெடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். சீனி நிறையப் போட்ட பிளேன்டி இதற்கு ஈடாகாது; வயிற்றோட்டத்தைக் கூட்டவும் கூடும்.

வாந்தி பட்ட துணியைக் குடிதண்ணீர் பிடிக்கும் பீலியில் அலசாதீர்கள். கை கழுவச் சவர்க்காரமே வேண்டும். சனிடைசர் நொரோவைரஸுக்குப் போதாது. நோய் நின்று 48 மணித்தியாலம் கழியும்வரை பிள்ளையைப் பிள்ளை மடுவத்துக்கு (பகல் பராமரிப்பு நிலையத்துக்கு) அனுப்பவும் வேண்டாம்.