மருத்துவமனை நிர்வாகம் படிக்கப் போகிறீர்களா? பாடப் பட்டியலைப் பார்த்துச் சேருங்கள்

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் தேர்வு முடிவு வந்ததும் கல்விக் கண்காட்சிகளில் கூட்டம் அலைமோதும். மருத்துவத்துக்குப் புள்ளி போதவில்லை, தாதிமையில் மனமில்லை, ஆனால் வேலை என்றால் மருத்துவமனையில்தான் என்று வருகிற பிள்ளைகள் கையில் 'ஹெல்த்கேர் மேனேஜ்மென்ட்' என்று போட்ட ஒரு துண்டறிக்கையைக் கொடுத்து அனுப்புவார்கள். கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறும். ஓரிடத்தில் ஹெல்த் அட்மினிஸ்ட்ரேஷன், இன்னோரிடத்தில் ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட், வேறோரிடத்தில் வணிக நிர்வாகப் பட்டத்தின் கடைசி வருடத்தில் ஒட்டவைத்த நாலு பாடம். பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மூன்று வருடமும் என்னென்ன பாடம் என்ற முழுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கணக்கியல், புள்ளியியல், மருத்துவச் சொற்கள், சுகாதாரச் சட்டம் ஆகிய நான்கும் அதில் இல்லையென்றால் அந்தப் படிப்பு வேண்டாம். பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையின் நிர்வாகப் பிரிவில் இருந்துகொண்டு, தொழிற்பயிற்சிக்கு வரும் மாணவர்களை வருடா வருடம் பார்த்துவிட்டுத்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

"இதைப் படித்தால் ஹாஸ்பிடல் டைரக்டர் ஆகலாம்" என்று யாராவது ஆசை காட்டினால் அதையும் நம்ப வேண்டாம். அரசாங்க மருத்துவமனைகளில் இயக்குநர் நாற்காலியில் இருப்பவர் ஒரு டாக்டர். நிர்வாகப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் எட்டக்கூடிய உயரம், நிர்வாகத்துக்கான துணை இயக்குநர் பதவி. தனியாரில் தலைமை நிர்வாகி டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, கணக்குத் துறையிலிருந்து மேலே வந்தவர்களும் உண்டு, தாதியாகத் தொடங்கியவர்களும் உண்டு. ஆனால் மருத்துவ விஷயங்களுக்குப் பொறுப்பாக ஒரு டாக்டர் கட்டாயம் இருப்பார். நீங்கள் முதலில் உட்காரப் போவது பதிவுக் கவுண்டரில், பில்லிங்கில், மருத்துவப் பதிவேட்டு அறையில், கொள்முதலில், இல்லையென்றால் தரப் பிரிவில். அதைத் தெரிந்துகொண்டு படித்தால் எந்தப் பாடத்துக்கு உயிர் கொடுத்துப் படிக்க வேண்டும் என்பது தானாகப் புரியும்.

சேர்வதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. எம்கியூஏ, அதாவது மலேசியத் தகுதி முகமை, எம்கியூஆர் என்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. இணையத்தில் யாரும் பார்க்கலாம். படிப்பின் பெயரையும் கல்லூரியின் பெயரையும் தட்டிப் பாருங்கள். டிப்ளோமா என்றால் 4-ஆம் நிலை, இளங்கலைப் பட்டம் 6-ஆம் நிலை. புதிய படிப்புகளுக்கு முதலில் தற்காலிக அங்கீகாரம்தான் இருக்கும், முழு அங்கீகாரம் பிறகுதான் வரும். எது என்று நேராகவே கேளுங்கள், மழுப்பினால் அடுத்த மேசைக்குப் போங்கள். அரசாங்கத்தின் பிடிபிடிஎன் கல்விக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் இந்த அங்கீகாரம் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

பொதுப் பல்கலைக்கழகம் என்று பார்த்தால், யுஐடிஎம்மில் சுகாதார நிர்வாகத்துக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. அங்கே பூமிபுத்ரா மாணவர்களுக்கு மட்டும்தான் இடம் என்பதால் நம் பிள்ளைகளுக்கு அந்த வழி இல்லை. அதனால் உடனே தனியார் கல்லூரிக்கு ஓட வேண்டும் என்றும் இல்லை. பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யுபியு வழியாகக் கணக்கியல், பொருளாதாரம், புள்ளியியல், மேலாண்மை என்று ஏதாவது ஒரு பட்டத்தை மலாயாப் பல்கலைக்கழகத்திலோ யுஎஸ்எம்மிலோ நல்லபடியாக முடித்துவிட்டு மருத்துவமனைக்குள் வரலாம். என்னைக் கேட்டால், தரமான கணக்கியல் பட்டத்தோடு வருகிறவரை, ஒப்புக்கு நடத்தும் ஹெல்த்கேர் பட்டத்தோடு வருகிறவரைவிட முதலில் எடுத்துக்கொள்வேன். மருத்துவச் சொற்களை வேலையில் சேர்ந்தபின் சொல்லிக்கொடுத்துவிடலாம், கணக்கை அப்படிச் சொல்லிக்கொடுப்பது கஷ்டம். இன்னும் படிவம் 6-க்கே போகவில்லை என்றால், எஸ்டிபிஎம்மில் கணக்கியலையோ பொருளியலையோ எடுங்கள். உயிரியல் இல்லையே என்று வருந்த வேண்டாம்.

சரி, ஏன் அந்த நான்கு பாடம்? ஒரு டிஸ்சார்ஜ் பில்லை எடுத்துக்கொள்வோம். ஒரு அம்மா கடுமையான குடல்வால் அழற்சியோடு வந்தார், அறுவை சிகிச்சை முடிந்தது, இன்சூரன்ஸ் கார்டு இருக்கிறது. காலை பத்து மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். பையை எல்லாம் கட்டி வைத்துவிட்டு மகள் காத்திருக்கிறாள். மத்தியானம் இரண்டு மணிக்கு பில்லிங் கவுண்டருக்கு வந்து, "அக்கா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்கிறாள், முகம் சிவந்திருக்கிறது. இந்த நாலு மணி நேரத்தில் உள்ளே என்ன நடந்தது? வார்டு தாதி பயன்படுத்தாத மருந்துகளை மருந்தகத்துக்குத் திருப்பி அனுப்பினார், மருந்தகம் அதைக் கழித்துவிட்டு வீட்டுக்கான மருந்தைச் சேர்த்தது, டாக்டரின் கட்டணமும் மயக்க மருந்து நிபுணரின் கட்டணமும் உள்ளே வந்தன, நோய்களை வகைப்படுத்தும் ஐசிடி-10 பட்டியலிலிருந்து நோய்க்குக் குறியீடு போட்டார்கள் (கடுமையான குடல்வால் அழற்சிக்கு அது கே35), பில்லை மூடி இன்சூரன்ஸ் நிறுவனத்தின் சார்பில் உரிமைக்கோரிக்கைகளைக் கவனிக்கும் டிபிஏ-வுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஒரு கேள்வி திரும்பி வந்தது: இந்த வலி பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்ததா? பதில் எழுத வேண்டிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார். அவர் வெளியே வந்து எழுதிக்கொடுத்து, அது போய்ச் சேர்ந்து, இறுதி ஜிஎல், அதாவது பில்லுக்குப் பொறுப்பேற்கும் உத்தரவாதக் கடிதம், வந்தால்தான் அந்தப் பெண் அம்மாவை அழைத்துக்கொண்டு போக முடியும்.

இந்த ஒரு பில்லுக்குள் உங்கள் மூன்று வருடப் படிப்பும் இருக்கிறது. டிபிஏ கேட்ட கேள்வியைப் படித்ததும் டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று புரிய மருத்துவச் சொற்களும் அடிப்படை உடற்கூறும் தெரிய வேண்டும். தாதிகள் அளவுக்கு வேண்டாம். லாப்பரோஸ்கோப்பி முறையில் சிறு துளை வழியாகச் செய்தார்களா, வயிற்றைத் திறந்து செய்தார்களா என்று அறுவைக் குறிப்பைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தால் போதும், ஏனென்றால் பில் அதற்கேற்ப மாறும்.

கணக்கியலில் நிறைய பேர் முதல் செமஸ்டரோடு மனம் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். நிதிக் கணக்கியல் ஒன்று, செலவுக் கணக்கியல் ஒன்று, குறைந்தது இந்த இரண்டும் வேண்டும். நோயாளி வீட்டுக்குப் போய்விட்டார், ஆனால் இன்சூரன்ஸ் பணம் இன்னும் வரவில்லை. அது யார் கணக்கில், எத்தனை நாளாக, எவ்வளவு நிற்கிறது என்பதைப் பின்தொடர்வது தனியார் மருத்துவமனைகளில் ஒரு தனிப் பிரிவின் முழுநேர வேலை. செலவுக் கணக்கியலோ, ஒரு அறுவை சிகிச்சைக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று கண்டுபிடிக்கக் கற்றுத்தருகிறது. ஒரு நோய்க்கு இவ்வளவுதான் என்று கட்டணத்தை முன்கூட்டியே வகுக்கும் டிஆர்ஜி முறையைத் தனியார் மருத்துவமனைகளுக்கும் கொண்டுவருவது பற்றி அரசாங்கம் பேசிவருகிறது. அது வந்தால் இந்தக் கணக்கு தெரிந்தவர்களைத் தேடுவார்கள்.

புள்ளியியலைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை, இங்கே தேவைப்படுவது பெரும்பாலும் எளிய கணக்குதான், ஆனால் அதைச் சரியாகச் செய்ய வேண்டும். 120 கட்டில் உள்ள மருத்துவமனையில் 30 நாளுக்கு 3,600 கட்டில் நாள். அந்த மாதம் நோயாளிகள் படுத்திருந்தது மொத்தம் 2,700 நாள் என்றால், 75 விழுக்காடு நிரம்பியிருக்கிறது. இது சுலபம். இப்போது டிஸ்சார்ஜ் நேரத்தைப் பாருங்கள்: ஒன்பது நோயாளிகளுக்கு இரண்டு மணி நேரம், ஒருவருக்கு மட்டும் பன்னிரண்டு மணி நேரம். சராசரி மூன்று மணி. மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, எல்லாருமே தாமதப்படுத்துகிறார்கள் என்று பில்லிங் பிரிவைக் கூப்பிட்டுத் திட்டுவார். இடைநிலையை, அதாவது வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் நேரத்தை, எடுத்தால் இரண்டு மணிதான். கோளாறு அந்த ஒரு கேஸில் இருக்கிறது, அதைத்தான் தோண்ட வேண்டும். இந்த வித்தியாசத்தை ஒரு கூட்டத்தில் எழுந்து சொல்லத் தெரிந்த பயிற்சி மாணவரை யாரும் மறக்க மாட்டார்கள். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்றுத்தந்தால் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அன்றாடம் சோறு போடுவது எக்செல். பிவட் டேபிள் போடத் தெரியாமல் பட்டம் வாங்காதீர்கள்.

சட்டத்தில் மூன்றை நன்றாகப் படியுங்கள். தனியார் மருத்துவமனைகளின் அடித்தளம் 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டம். எல்லாரும் 'அக்தா 586' என்றுதான் சொல்வார்கள். உரிமம், அவசர நேரத்தில் செய்தே ஆக வேண்டிய உயிர்காப்புச் சிகிச்சை, நோயாளிகளின் புகாரை வாங்கிக் கவனிக்கும் ஏற்பாடு எல்லாம் அதில் வருகிறது. அதன் கீழ் வந்த 2006 விதிமுறைகளின் 13-ஆவது அட்டவணை டாக்டர்களின் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்கிறது. மருந்துக்கும் கையுறைக்கும் கருவிக்கும் மருத்துவமனை போடும் விலைக்கு அந்த வரம்பு இல்லை. "டாக்டர் ஃபீஸ் கொஞ்சம்தானே, பில் ஏன் இவ்வளவு?" என்று கவுண்டரில் கேட்பவர்களுக்கு இதைத் தெரிந்துகொண்டு பொறுமையாக விளக்க முடிந்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும். அடுத்தது 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2024-இல் அது திருத்தப்பட்டு, தரவு கசிந்தால் தெரிவிக்க வேண்டிய கடமையும் வந்துவிட்டது. ஒருவரின் நோய் விவரம் அதில் கூடுதல் பாதுகாப்புள்ள தரவு. அத்தை பக்கத்து வார்டில் இருக்கிறார், ஃபைலைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லேன் என்று வீட்டில் கேட்பார்கள், முடியாது என்று சொல்ல இப்போதே பழகிக்கொள்ளுங்கள். மூன்றாவது, 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம். ஷிஃப்ட் பட்டியல் போடுகிற அன்றைக்கு அது தேவைப்படும்.

சுகாதாரப் பொருளாதாரத்தைக் காலையில் வைத்தால் தூங்கிவிடுவோம் என்று மாணவர்கள் சொல்வதுண்டு. நம் ஊரை வைத்துப் படித்தால் தூக்கம் வராது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி கொடுக்கும் அதே ஆள் தனியாருக்குப் போனால் நூற்றுக்கணக்கில் கட்டுகிறார். அரசாங்கக் கிளினிக்கில் மிச்சத்தை யார் கட்டினார்கள்? வரிப்பணம். 2024-இல் மருத்துவ இன்சூரன்ஸ் பிரீமியம் எகிறியதும், அந்த டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு உயர்வைக் குறைந்தது மூன்று வருடத்துக்குப் பரப்பச் சொன்னதும் உங்கள் வீட்டிலேயே பேசியிருப்பார்கள். அசைன்மென்ட்டுக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள், அமெரிக்கப் பாடநூலில் வரும் உதாரணத்தை விட்டுத்தள்ளுங்கள்.

மனிதவளம், மார்க்கெட்டிங், நிறுவன நடத்தை எல்லாம் எல்லா வணிகப் படிப்பிலும் இருப்பவைதான், தேறினால் போதும். எம்பியூ என்ற கட்டாயப் பொதுப் பாடங்களையும் சீக்கிரம் முடித்துவிடுங்கள், கடைசி செமஸ்டருக்குத் தள்ளினால் தொழிற்பயிற்சிக்கு இடைஞ்சல். விருப்பப் பாடம் எடுக்க வாய்ப்பு வந்தால் தர மேம்பாடு, நோயாளிப் பாதுகாப்பு பக்கம் போங்கள். எம்எஸ்கியூஎச் என்ற மருத்துவமனைத் தர அங்கீகாரத்துக்கு மருத்துவமனைகள் தயாராகும்போது அந்தப் பிரிவில் ஆள் போதாமல் திண்டாடுவதைக் கண்கூடாகப் பார்க்கிறேன்.

இனி தொழிற்பயிற்சி. வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக ஓரிடத்தைப் பிடித்து, மாதக்கணக்கில் போட்டோஸ்டேட் எடுத்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். எழுதிக் கேட்கும்போதே எந்தெந்தப் பிரிவில் எத்தனை வாரம் என்று கேளுங்கள். பில்லிங், மருத்துவப் பதிவேடு, தரப் பிரிவு மூன்றிலும் இருக்கக் கேளுங்கள், மூன்றும் கிடைக்காவிட்டால் பில்லிங்கையாவது விடாதீர்கள். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஜாலான் பகாங்கில் இருக்கும் கோலாலம்பூர் மருத்துவமனை மாதிரி அரசாங்க இடங்களில் கூட்டத்தை எப்படி நகர்த்துகிறார்கள் என்று பார்க்கக் கிடைக்கும். பினாங்கில் வேறு பாடம். மேடானிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் வந்து இறங்கும் இந்தோனேசிய நோயாளிகள் இங்குள்ள தனியார் மருத்துவமனைகளுக்குப் பெரிய பலம். அவர்களுக்கு முன்பணம், செலவு மதிப்பீடு, மொழி, துணைக்கு வந்தவர் தங்க இடம், ஊருக்குப் போனபின் அறிக்கை அனுப்புவது என்று வேலை நீளும். மருத்துவப் பயணத் துறையில் ஆசை இருந்தால் பயிற்சிக்கு இங்கே வாருங்கள்.

மொழியையும் சொல்லிவிடுகிறேன். சுகாதார அமைச்சுக்குப் போகும் கடிதம் மலாயில், டாக்டர்களின் குறிப்பு ஆங்கிலத்தில். இரண்டிலும் பிழையில்லாமல் ஒரு பக்கம் எழுத வர வேண்டும். தமிழும் வேலைக்கு உதவும் என்பதை யாரும் துண்டறிக்கையில் போடுவதில்லை. ஒப்புதல் பாரத்தில் எங்கே கையெழுத்துப் போடுகிறோம், எதற்குப் போடுகிறோம் என்று தெரியாமல் நிற்கும் நம் பாட்டிமார்களிடம் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் பேச ஒருவர் இருந்தால் அவர்கள் கை நடுங்காது. அறுவை சிகிச்சையைப் பற்றிய விளக்கத்தை டாக்டர்தான் சொல்ல வேண்டும், அதை நீங்களாகச் சொல்லக் கூடாது. டாக்டர் சொன்னது புரிந்ததா என்று கேட்டு, புரியவில்லை என்றால் மறுபடி அவரைக் கூப்பிடுவது உங்களால் முடியும்.

இறுதியாண்டு ஆய்வுக்கு, கல்லூரி நண்பர்களிடமே கேள்வித்தாள் கொடுத்து மனநிறைவை அளக்கும் தலைப்பு வேண்டாம். பயிற்சிக்குப் போன இடத்தில், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, பெயர் நீக்கிய தரவைக் கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் எங்கே தடைப்படுகிறது என்பது மாதிரி ஒரு கேள்வியை எடுங்கள். அனுமதி கிடைக்க நாளாகும், அதனால் பயிற்சிக்குப் போன முதல் வாரமே விரிவுரையாளரிடமும் மேலாளரிடமும் பேசிவிடுங்கள். முதுகலைக்கு அவசரம் காட்ட வேண்டாம். சில வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனால், பொதுச் சுகாதாரமா, எம்பிஏ-வா, தகவல் அமைப்பா என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், பாதிக் கட்டணத்தை முதலாளியிடம் கேட்டுப் பார்க்கவும் வழி பிறக்கும்.