மோட்டெட் பாடும்போதும் கேட்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பெயினின் ஆவிலாவில் பிறந்த தோமாஸ் லூயிஸ் தே விக்தோரியா, ரோமில் இருந்த காலத்தில் எழுதிய மோட்டெட் (பல குரல்கள் சேர்ந்து பாடும் லத்தீன் சமயப் பாடல்) 'ஓ மாக்னும் மிஸ்தேரியும்'. 1572இல் வெனிஸில் அச்சானது. நான்கே குரல்கள்: மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ். கிறிஸ்துமஸ் இரவு வழிபாட்டுக்கான லத்தீன் வரிகள். மாட்டுத் தொழுவத்தில் பிறந்த ஆண்டவரை விலங்குகள் கண்டனவே, என்ன அதிசயம் என்பது பொருள். பல மெட்டுகள் ஒரே நேரத்தில் பின்னிச் செல்லும் பல்குரல் இசைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பாடலைத்தான்.

பலரும் செய்யும் பெரிய தவறு, மேலே ஒலிக்கும் சோப்ரானோவை மெட்டு என்றும் மற்ற மூன்றையும் பக்கவாத்தியம் போலவும் நினைப்பது. இங்கே நான்கும் மெட்டுதான். சோப்ரானோ ஐந்து சுர இடைவெளி கீழே இறங்கி, திரும்ப ஏறி வருகிறது. அது முடியும் முன்பே ஆல்டோ அதே வடிவத்தைத் தாழ்வான இடத்தில் எடுக்கிறது. அப்புறம் டெனர், பேஸ். ஒருமுறை ஆல்டோவை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு கேளுங்கள், அடுத்த முறை டெனரை. பாட்டே வேறு மாதிரி தெரியும். பாடுகிறவர்களுக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு: உங்கள் வரி முடியும்போது குரலை இளக்குங்கள். அப்போதுதான் அடுத்து நுழையும் குரல் காதில் விழும். எல்லோரும் கடைசி வரை ஒரே பலத்தில் பாடினால் பின்னல் முழுவதும் மூடிப்போகும். எனக்கு இதைவிட வருத்தம் தருவது எதுவும் இல்லை.

அடுத்தது தாளக்கோடு. இன்றைய இசைப் பிரதிகளில் தாளத்தைப் பிரித்துக் காட்ட உள்ள செங்குத்துக் கோடுகள் பிற்காலப் பதிப்பாசிரியர்கள் போட்டவை. அன்று ஒவ்வொரு குரலுக்கும் தனிப் புத்தகம், அதில் கோடே கிடையாது. கோட்டுக்குப் பின் வரும் முதல் சுரத்தை அழுத்தாமல், சொல்லின் அழுத்தத்தைப் பின்பற்றுங்கள். 'மிஸ்தேரியும்' என்பதில் அது 'தே'யில் இருக்கிறது.

பல்குரல் என்றால் எப்போதும் குரல்கள் ஒன்றையொன்று துரத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. 'ஓ பெயாத்தா விர்கோ' என்று கன்னி மரியாளை விளிக்கும் இடத்தில் நான்கு குரல்களும் சேர்ந்தே சொல்கின்றன. அதுவரை பின்னிக்கொண்டே வந்ததால்தான் அந்த ஒற்றுமைக்கு இவ்வளவு பலம். அதை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். 'அல்லேலூயா'வில் தாளம் இரண்டு எண்ணிக்கையிலிருந்து மூன்றாக மாறும்போது மகிழ்ச்சியில் ஓடிவிடுவதும் வேண்டாம். மறுபடி இரண்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

இந்த இசைக்கு வாத்தியமே ஆகாது என்றும் சிலர் கறாராகச் சொல்வார்கள். போப்பின் சிஸ்டைன் தேவாலயத்தில் குரல் மட்டும்தான், சரி. ஆனால் ஸ்பானியப் பேராலயங்களில் ஊதுகருவிக் கலைஞர்களைச் சம்பளம் கொடுத்தே வைத்திருந்தார்கள். விக்தோரியாவே பிற்காலத்தில் மாட்ரிட் கன்னிமடம் ஒன்றில் ஆர்கன் வாசித்தவர். ஆர்கன் துணையோடு பாடுவதில் தவறில்லை, குரல்களை அது மூழ்கடிக்காதவரை.