சீபாப் குழாயைப் பூனை கடிக்கிறதா?

தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்கள் பயன்படுத்தும் சீபாப் கருவியின் குழாயில் பூனைப்பல் பட்டால் காற்று கசியும், அழுத்தம் குறையும். பகலில் குழாயையும் முகமூடியையும் கழற்றி இழுப்பறைக்குள் வைத்துவிடுங்கள். இதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். இரவில் குழாய்க்கு ஜிப் வைத்த துணி உறை போட்டு, தலைமாட்டுக்கு மேலே கொக்கியில் மாட்டுங்கள். தரையில் நெளிந்து கிடந்தால் எந்தப் பூனைதான் சும்மா இருக்கும்? படுக்கும் முன் பூனையை நன்றாக ஓடி விளையாடவிட்டு, பிறகு சாப்பாடு வையுங்கள். வயிறு நிறைந்தால் தூங்கிவிடும்.

கசப்பு ஸ்பிரே, எலுமிச்சை எண்ணெய் எதையும் குழாயில் தடவவே வேண்டாம். நீங்கள் இரவெல்லாம் சுவாசிக்கும் காற்று அது. அந்த எண்ணெய் பூனைக்கும் நஞ்சு.

சாதாரணக் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, கருவியிலிருந்து கழற்றி, ஒரு முனையை அடைத்துத் தண்ணீரில் அமிழ்த்தி மறுமுனையில் ஊதுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். சூடேற்றும் குழாய்க்குள் மின்கம்பி இருப்பதால், பல் தடம் தெரிந்தாலே மாற்றிவிடுங்கள்.