காப்புறுதி நிறுவனத்திடம் "சேவ்" என்று சொல்வதற்கு முன்: பிரித்தானியாவுக்குப் புதிதாக வரும் மட்டக்களப்பு, அம்பாறை உறவுகளுக்கு

வைத்தியரிடம் பதிவதையும், நஷனல் இன்சூரன்ஸ் இலக்கம் எடுப்பதையும், வங்கிக் கணக்குத் திறப்பதையும் உங்களுக்கு முன் வந்த உறவினர் எவரும் சொல்லித் தருவார். வாடகை வீட்டில் இருந்தாலும் உங்கள் உடைமைகளுக்குத் தனியாகக் காப்புறுதி எடுத்துவிடுங்கள். வீட்டு உரிமையாளரின் காப்புறுதி கட்டடத்துக்கே உரியது, உங்கள் கட்டிலையும் கணினியையும் அது பார்த்துக்கொள்ளாது. காப்புறுதி எடுத்திருந்தும் பணம் கைநழுவிப் போகும் ஓர் இடம் இருக்கிறது. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

களுவாஞ்சிகுடியிலிருந்து வந்த என் நண்பர் ஒருவரின் தொடர்மாடி வீட்டுக்குள், மேல்வீட்டுக் குழாய் வெடித்துத் தண்ணீர் இறங்கியது. குடும்பமே சேர்ந்து மெத்தை, தொலைக்காட்சி, அலுமாரி எல்லாவற்றையும் வெளியே இழுத்தது. காப்புறுதி நிறுவனம் தொலைபேசியில் விசாரித்தபோது அவர் "வீ சேவ்ட் எவ்ரிதிங்" என்றார். தண்ணீருக்குள் ஒன்றையும் விட்டுவிடவில்லை என்பதே அவர் சொல்ல வந்தது. கேட்டவரோ எதுவும் சேதமடையவில்லை என்று பதிந்துகொண்டார். பின்னர் மெத்தையில் பூஞ்சணம் பிடித்தது, தொலைக்காட்சி இயங்கவில்லை. இழப்பீடு கேட்டபோது அந்த முதல் அழைப்பின் ஒலிப்பதிவையே எடுத்து நீட்டினார்கள். களைத்துப்போன மனிதர் ஒருவரின் வாயிலிருந்து வந்த ஒற்றைச் சொல்லை இப்படிப் பிடித்துக்கொண்டதை நினைக்க இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

நம் ஊரில் வெள்ளம் வந்தால் கிராம உத்தியோகத்தர் நேரில் வந்து, சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தைப் பார்த்து, முழுச் சேதமா பகுதிச் சேதமா என்று எழுதுவார். நாம் என்ன சொல்லைப் பயன்படுத்தினோம் என்பதில் அங்கு பெரிதாக ஒன்றும் தங்கியிருப்பதில்லை. இங்கே முதலில் பதிவாவது உங்கள் வாய்மொழி. ஆகவே சில சொற்களைப் பிரித்தறிந்து கொள்ளுங்கள். கெடாமல் தப்ப வைத்ததற்குத்தான் "சேவ்". ஆபத்து நடந்துகொண்டிருக்கும்போது ஆளையோ ஆட்டையோ வெளியே கொண்டுவருவது "ரெஸ்கியூ". அழிவு நடந்து முடிந்த பின் எஞ்சியதில் பெறுமதி உள்ளதைப் பொறுக்கி எடுப்பது "சல்வேஜ்". 2011 ஜனவரி வெள்ளத்தில் படுவான்கரை வட்டைகளில் மூழ்கிய வேளாண்மையில் கிடைத்ததை வெட்டி வந்து வீதியில் காயப்போட்டவர்கள் செய்தது சல்வேஜ். அதைச் சேவ் என்று சொன்னால் அழிந்துபோன மிகுதி முழுவதும் மறைந்துவிடும்.

இந்தச் சல்வேஜுக்குக் காப்புறுதியில் இன்னொரு பக்கமும் உண்டு. முழு இழப்பாகக் கணித்துப் பணம் தந்துவிட்டால், எஞ்சிய பொருள் பொதுவாக நிறுவனத்துக்கே உரியதாகிவிடும், ஆகவே கேட்காமல் விற்கவோ வீசவோ வேண்டாம். மலிவாகக் கார் தேடுபவர்களும் இந்தச் சொல்லைச் சந்திப்பீர்கள்: காப்புறுதி நிறுவனங்கள் இழப்பாகக் கணித்துவிட்ட வாகனங்கள் 2017 ஒக்டோபரிலிருந்து ஏ, பி, எஸ், என் என்று வகுக்கப்படுகின்றன, முதல் இரண்டும் மீண்டும் வீதிக்கு வரவே கூடாதவை. மீட்பு என்று பொருள்படும் "ரிக்கவரி"யிலும் கவனம் தேவை. "டெற் ரிக்கவரி" என்று தலைப்பிட்ட கடிதம் வந்தால், இழந்ததை யாரோ உங்களுக்கு மீட்டுத் தரப்போகிறார்கள் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அது உங்களிடமிருந்து கடனை அறவிட வருபவரின் கடிதம்.

வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வந்தால் "ஃப்ளட்" என்றும் சொல்லாதீர்கள். காப்புறுதிப் பத்திரங்களில் அதற்கு "எஸ்கேப் ஒஃப் வோட்டர்" என்று தனிப் பிரிவு இருக்கும், இழப்பில் நீங்கள் கையிலிருந்து ஏற்கவேண்டிய தொகையும் வேறாக இருக்கலாம். தொலைபேசியில் "வீ மூவ்ட் தெம் அவுட், பட் தே ஆர் வோட்டர் டமேஜ்ட்" என்று சொல்லுங்கள்; எது இயங்கும், எது இயங்காது என்பது இன்னும் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நனைந்த ஒவ்வொன்றையும் இருந்த இடத்திலேயே படமெடுங்கள். ஊர்ப் பழக்கத்தில் உடனே கழுவித் துடைத்து வெயிலில் வைக்க மனம் உந்தும். தரையில் நின்ற தண்ணீரை நிச்சயமாக வெளியேற்றுங்கள், ஆனால் சேதமான பொருளை அவர்களின் மதிப்பீட்டாளர் பார்க்கும் முன் வீசிவிடாதீர்கள். அன்றே மின்னஞ்சலிலும் எழுதி அனுப்புங்கள்.

தவறாகப் பதிந்துவிட்டார்கள் என்றால் எழுத்தில் முறையிடுங்கள். இறுதிப் பதில் தர அவர்களுக்கு 8 வாரங்கள் உண்டு. அந்தப் பதில் திருப்தி தராவிட்டால் அது கிடைத்து 6 மாதங்களுக்குள் இத்தகைய முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் நிதிச் சேவைகளுக்கான ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றிப் போகலாம். என் நண்பருக்கு மெத்தைக்கான பணம் அப்படித்தான் வந்தது. தொலைக்காட்சிக்கு வரவில்லை, ஏனென்றால் அதை அவர் ஏற்கெனவே குப்பையில் போட்டிருந்தார், படமும் எடுத்திருக்கவில்லை.