தோட்டத்துலயே கார்பன புடிச்சு மண்ணுல வெக்கறது எப்படிங்க

கார்பன் கேப்சர்னா புகையிலயோ எரிவாயுலயோ இருக்கற கரியமில வாயுவ மட்டும் பிரிச்சு பூமிக்கடியில எறக்கறதுங்க. நார்வேக்காரங்க 1996லயே ஸ்லைப்னர்ங்கற கடல் எரிவாயு வயல்ல ஆரம்பிச்சுட்டாங்க, எரிவாயுல இருந்து பிரிச்சத கடலுக்கு அடியில உப்புத்தண்ணி ஊறுன மணல்பாறைல எறக்கறாங்க. நம்ம கொங்குப்பக்கம் அந்தப் பாறைக்கு எங்க போறது, ஆயிரம் அடி போர் போட்டாலும் கருங்கல்லு மாவுதான் வருது. அதுமில்லாம அனல்மின் நிலையத்துல வாயுவ பிரிக்கறதுக்கே அங்க வர்ற கரண்டுல பெரிய பங்கு போயிருது, அதனாலதான் இத்தன வருசமாகியும் பரவல.

ஆனா பருத்தி மார், குச்சிக்கிழங்கு மார், தென்னமட்ட எல்லாம் ஏற்கனவே காத்துல இருந்து கார்பன இழுத்து வெச்சிருக்குது, அத வரப்போரம் கொளுத்துனா அத்தனையும் திரும்ப மேல போயிரும், கரியாக்குனா பாதிக்குப் பக்கம் மண்ணுலயே ரொம்ப காலத்துக்கு நிக்கும்.

மம்முட்டில புனல் மாதிரி குழி வெட்டுங்க, மேல அஞ்சடி அகலம், ரெண்டரை அடி ஆழம் போதும். மார் மொறமொறன்னு காஞ்சிருக்கோணும். அடியில கொஞ்சம் அடுக்கி மேல இருந்து பத்த வைங்க. நல்லா எரிஞ்சு குச்சி மேல வெள்ளையா சாம்பல் படர ஆரம்பிக்கும் பாருங்க, அப்பத்தான் அடுத்த அடுக்கு போடோணும், முந்துனா பொகையும், பிந்துனா கரி சாம்பலாயிரும். மேல எரியற நெருப்பே அடியில காத்து போகாம தடுத்துரும், வர்ற பொகையையும் எரிச்சிரும், அதனால பொகை வந்தா ஈரம் இருக்குது இல்லீனா ஒரேயடியா போட்டுட்டீங்கன்னு அர்த்தம், பொகைய விட்டா செஞ்சதே வீண்.

குழி ரொம்புனதும் தண்ணிய ஊத்தி முழுசா அணைங்க. நான் மொதல் தடவ மேலால தெளிச்சுட்டு வந்துட்டேன், விடிஞ்சு போய் பாத்தா அடியில கங்கு இருந்து முக்காவாசி சாம்பல், மனசே விட்டுப்போச்சு. இப்ப ஓஸ மாட்டி கொழகொழன்னு ஆகற வரைக்கும் விடறேன். காத்தடிக்கற நாள்ல பண்ணவே பண்ணாதீங்க.

கரிய அப்படியே வயலுக்கு போட்டா மண்ணுல இருக்கற தழைச்சத்த இழுத்துக்கும், பயிர் மஞ்சளாயிரும். சாணிக்கரைசல்ல 15 நாள் ஊறப்போட்டு அப்பறம் தென்னைக்கு வட்டப்பாத்தில கலந்து விடுங்க. முக்கால் கிலோ கார்பன் இருக்கற ஒரு கிலோ கரி 2.75 கிலோ கரியமில வாயுவுக்கு சமமுங்க. இதுக்குன்னு பச்ச மரத்த வெட்டிறாதீங்க, கழிவு மட்டும் போதும்.

செம்மண்ணுல நல்லா கேக்கும். சுக்கான் (சுண்ணாம்புக்கல்) நிலத்துல கரி காரத்த ஏத்தி விட்டுரும், அங்க மட்டும் மொதல்ல ரெண்டு மரத்துக்கு போட்டு ஒரு வருசம் பாருங்க.