ஒரு கொம்பு கேட்டு வாங்குங்கள்: குச்சியிலிருந்து செம்பருத்தி வளர்ப்பது

செடி வளர்க்கலாம் என்று ஆசை வந்ததும் நான் செய்த முதல் காரியம், நர்சரிக்குப் போய்ப் பூத்துக் குலுங்கும் செடிகளாகப் பார்த்து அள்ளிக்கொண்டு வந்தது. இரண்டு மாதத்தில் பாதிக்கு மேல் காய்ந்துவிட்டன. இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா காலித் தொட்டிகளைப் பார்த்துவிட்டு, "காசை ஏம்மா கரியாக்குற? என் செம்பருத்தியை எப்படியும் கவாத்து பண்ணப் போறேன், நாலு குச்சி எடுத்துக்கோ" என்றார். நான் செடி வளர்க்கக் கற்றுக்கொண்டது அந்த நாலு குச்சியில்தான்.

சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. யார் வீட்டு வாசலில் என்ன பூத்திருக்கிறது என்று நடந்து போகும்போதே தெரிந்துவிடும். கேட்கத் தயங்க வேண்டாம். செடி வளர்ப்பவர்களுக்குத் தங்கள் செடியைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தாலே போதும்.

முதலில் சாமான்

செடிக்குச் செலவில்லை என்பதால், கையில் இருக்கும் காசை மண்கலவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குச்சி வேர் பிடிக்க மணலும் தென்னைநார்க் கழிவும் பாதிக்குப் பாதி போதும். நார்க்கழிவுக் கட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டால் பல மடங்கு உப்பும். அதில் உப்பு இருக்கலாம் என்பதால் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிடுங்கள். எரு, உரம் எதுவும் இப்போது கூடாது. வேரில்லாத குச்சியால் அதைச் சாப்பிட முடியாது, வெட்டிய முனை அழுகுவதுதான் மிச்சம்.

தொட்டிக்குப் பழைய வாளி, டப்பா எதுவும் ஆகும். பழைய சாமான் கடையில் பிளாஸ்டிக் வாளி எடுத்தால், விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் வாங்கலாம். நொறுங்குவதுபோல 'டிக்' என்று சத்தம் வந்தால் ஏற்கெனவே வெயிலில் வெந்த வாளி, வைத்துவிட்டு வாருங்கள். பெயிண்ட், பூச்சிமருந்து இருந்த டப்பாக்கள் வேண்டவே வேண்டாம்.

அடியில் ஐந்தாறு ஓட்டை போட்டு, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலர் சொல்வார்கள். வடியாது. ஜல்லிக்கு மேலே இருக்கும் மண்ணில்தான் ஈரம் தேங்கும். ஓட்டை மேல் ஒரு துண்டு பழைய கொசுவலை போட்டால் மண் கொட்டாது, அவ்வளவு போதும்.

குச்சி வெட்டுவது

காலை வேளையில் வெட்டுங்கள்; கொம்பில் ஈரம் நிறைந்திருக்கும். பூவும் மொட்டும் உள்ள கிளையை விட்டுவிடுங்கள். வளைத்தால் துவளுகிற இளம் நுனியும் வேண்டாம், அடிமரமும் வேண்டாம். பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கியிருக்கும் பென்சில் தடிமனுள்ள கொம்புதான் சரி. கணுக்களில் வெள்ளைப் பஞ்சுபோல ஏதாவது ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. ஓசியில் கிடைக்கிறதே என்று அதையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

கத்தரியை ஸ்பிரிட் வைத்துத் துடைத்துவிட்டு, 15 செ.மீ. நீளத்துக்கு, மூன்று நான்கு கணு இருக்கும்படி வெட்டுங்கள். கீழ் முனையைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல் முனையை நேராகவும் வெட்டுவது என் வழக்கம். இலைகளை எடுத்த பிறகு எது தலை, எது கால் என்று குழப்பம் வராது. தலைகீழாக நட்டால் வேர் விடாது. அப்படியும் குழம்பினால் கணுவை உற்றுப் பாருங்கள்: இலை உதிர்ந்த இடத்தில் பிறைபோல ஒரு தழும்பு இருக்கும், அதற்கு மேலேதான் துளிர் வரப்போகும் குட்டி முளை உட்கார்ந்திருக்கும். முளை இருக்கிற பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும்.

நுனியில் இரண்டு இலை மட்டும் விட்டு மீதியைக் கிள்ளிவிடுங்கள். அந்த இரண்டையும் குறுக்கே பாதியாக நறுக்கிவிடலாம். வேர் இல்லாதபோது இலை வழியாகப் போகும் நீரை ஈடுகட்ட வழியில்லை, அதனால்தான். உடனே நட முடியாவிட்டால் ஈரத் துணியில் சுற்றி நிழலில் வையுங்கள்.

நடுவது

குச்சியை அப்படியே குத்தாமல், பென்சிலால் குழி போட்டு, இரண்டு கணு உள்ளே போகும்படி நட்டு, சுற்றிலும் விரலால் அழுத்துங்கள். வேர் வரவைக்கும் பொடி கடையில் விற்கிறது. செம்பருத்திக்கு அது கட்டாயமில்லை. தண்ணீர் ஊற்றி, அடி வெட்டிய பெரிய பாட்டிலை மூடி இல்லாமல் மேலே கவிழ்த்து வைத்தால் உள்ளே ஈரப்பதம் நிற்கும். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் படக்கூடாது. மண்ணில் விரலை வைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

சும்மா இருப்பது

கஷ்டமான கட்டம் இதுதான். பதினைந்து நாளில் என் குச்சிகளில் குட்டிக் குட்டியாகத் துளிர் வந்துவிட்டது. தலைகால் புரியாமல் பாட்டிலை எடுத்துவிட்டு, வெயிலில் கொண்டுபோய் வைத்தேன். மூன்றே நாளில் நாலில் மூன்று கருகிவிட்டன. பிடுங்கிப் பார்த்தால் ஒரு வேர்கூட இல்லை. குச்சி தனக்குள் சேர்த்து வைத்திருந்ததைக் கொண்டே துளிர்விட்டிருக்கிறது! துளிரை நம்பாதீர்கள். நான்கு முதல் எட்டு வாரம் ஆகலாம். இடையில் அசைத்துப் பார்க்கவே கூடாது. நூல்போல வருகிற புது வேர் அறுந்துவிடும். துளிர் நின்றுவிடாமல் இலை இலையாகப் பெருகிக்கொண்டே போனால், அல்லது தொட்டியின் ஓட்டை வழியாக வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் ஜெயித்துவிட்டீர்கள்.

அப்புறம் பாட்டிலை முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று ஒரு வாரம் திறந்து பழக்குங்கள். மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்த பெரிய தொட்டிக்கு மாற்றி, காலை வெயிலில் தொடங்கி மெல்ல முழு வெயிலுக்குக் கொண்டுபோங்கள்.

பொறுமை இல்லையா? மணி பிளாண்ட், வண்ண இலைச் செடியான கோலியஸ் இரண்டும் தண்ணீரிலேயே வேர் விடும். கணு தண்ணீருக்குள் இருக்க வேண்டும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். கள்ளி வகைகளை வெட்டியவுடன் நடாமல், வெட்டுவாய் ஆறும்வரை சில நாள் நிழலில் போட்டு வையுங்கள்.

பிழைத்த அந்த ஒற்றைச் செடி இப்போது என் தோளுயரம். போன வருடம் அக்கா வீட்டுத் தாய்ச்செடியை மாவுப்பூச்சி அடியோடு தின்றுவிட்டது. கத்தரியோடு என் வாசலில் வந்து நின்று, "நாலு குச்சி குடும்மா" என்றார். பாட்டிலை எடுக்க அவசரப்படாதீங்க என்று அவருக்கே சொல்லி அனுப்பினேன்.