கேம்பர் போல்ட்: எண் பச்சையானால் வேலை முடிந்ததா?

வீல் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலை, பழகும் பையன்களிடம் கேம்பர் போல்ட் பாக்கெட்டைக் கொடுத்தால் போதும், முகம் மலர்ந்துவிடும். கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்ற கோணம். மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் மைனஸ், வெளியே சாய்ந்தால் பிளஸ். அலைன்மெண்ட் மெஷினின் திரையில் சிவப்பாக நிற்கும் அந்த எண்ணைப் பச்சையாக்க இவ்வளவு சுலபமான வழி வேறு இல்லை. நாங்கள் பழகிய காலத்தில் அடித்த அதே கூத்துகளை இவர்களும் வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். காற்றழுத்தம் பார்க்காமல் அளவெடுப்பது, வீல் நட்டை அரைகுறையாக விடுவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அவை முதல் வாரத் திட்டிலேயே சரியாகிவிடும். கேம்பர் போல்ட்டில் நடக்கும் தவறுகள் மட்டும் இங்கே.

ஆல்ட்டோ, ஸ்விஃப்ட் போன்ற கார்களில் முன் சக்கரம் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டில், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணில், நிற்கிறது. ஸ்ட்ரட்டின் அடிப்பகுதியும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் சேரும் இடத்தில் இரண்டு போல்ட்கள் இருக்கும். அவற்றில் ஒன்றை, பெரும்பாலும் மேலே உள்ளதை, எடுத்துவிட்டுப் போடுவதுதான் கேம்பர் போல்ட். தண்டு கொஞ்சம் மெலிவாக இருக்கும், அதில் மையம் விலகிய ஒரு புடைப்பு இருக்கும். போல்ட்டைத் திருப்பினால் அந்தப் புடைப்பு நக்கிளின் மேல்பக்கத்தை உள்ளேயோ வெளியேயோ நகர்த்தும். ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி வரை திருத்தலாம்.

ஏன் சாய்ந்தது என்று பார்க்காமல் போல்ட் போடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

ஒரு சின்ன ஹேட்ச்பேக் வந்தது. இடது முன் டயரின் உள்விளிம்பு கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. "அண்ணே, புது டயர் போட்டு, கேம்பர் போல்ட்டும் போட்டுத்தான் கொடுத்தாங்க. ரெண்டாவது டயரும் போச்சு" என்றார் வண்டிக்காரர். முந்தைய அலைன்மெண்ட் காகிதத்தையும் பத்திரமாக வைத்திருந்தார். எல்லா எண்ணும் பச்சை.

சக்கரத்தைத் தூக்கி, ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தேன். வலது பக்க இடைவெளியும் இடது பக்க இடைவெளியும் ஒன்றாக இல்லை. மேலே ஸ்ட்ரட் நட்டைத் தளர்த்தி, ஷாக் அப்சார்பர் தண்டைச் சுழற்றியபோது டயரின் மேல்விளிம்பு உள்ளேயும் வெளியேயும் ஆடியது. தண்டு வளைந்திருக்கிறது. எங்கோ பள்ளத்தில் பலமாக இறங்கியிருக்கிறது. நம் ஊரில் இடது ஓரமாக ஓட்டுவதால் ஓரத்துப் பள்ளமெல்லாம் இடது சக்கரத்துக்குத்தான். போல்ட் போட்டவர் அந்த வளைவைத் தொடவே இல்லை. கோணலாகக் கூடிய எலும்புக்குச் செருப்பில் அட்டை வைத்தது போல எண்ணை மட்டும் நிமிர்த்திவிட்டார். வளைந்த தண்டு ஓட ஓட இன்னும் வளைந்தது, டயரும் போனது. ஒரு ஸ்ட்ரட் மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும். அவருக்கு ஸ்ட்ரட்டும், இரண்டு டயரும், இரண்டு முறை கூலியும் ஆனது.

இதைக் கண்டுபிடிக்க மந்திரம் ஒன்றும் வேண்டாம். இப்போதைய அலைன்மெண்ட் மெஷின்களில் எஸ்.ஏ.ஐ என்று ஒரு கோணம் வரும். ஸ்டீரிங் திரும்பும் அச்சு உள்பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான் அது. கேம்பரையும் அதையும் கூட்டி இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். வலது பக்கம் எஸ்.ஏ.ஐ 12.5, கேம்பர் மைனஸ் 0.2 என்றால் கூட்டல் 12.3. இடது பக்கம் எஸ்.ஏ.ஐ அதே 12.5, கேம்பர் மைனஸ் 1.5 என்றால் கூட்டல் 11. கூட்டல் மாறினால் ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைந்திருக்கிறது. அதே மைனஸ் 1.5 கேம்பரோடு எஸ்.ஏ.ஐ 13.8 என்று வந்தால் கூட்டல் 12.3தான். அப்போது சக்கரத்தைத் தாங்கும் பாகம் நன்றாக இருக்கிறது. மேலே ஸ்ட்ரட் உட்காரும் பாடி உள்ளே நகர்ந்திருக்கிறது, அல்லது கீழே கிராஸ்மெம்பர் என்ற குறுக்குச் சட்டம் விலகியிருக்கிறது. நக்கிளின் அடியைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் உள்பக்கமாக மடங்கியிருந்தால் எஸ்.ஏ.ஐ குறைந்து, கேம்பர் பிளஸ் பக்கம் போகும். இந்த எண்களெல்லாம் அந்தத் திரையிலேயே, இன்னொரு பக்கத்தில் இருக்கின்றன. பையன்கள் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

அப்படியானால் கேம்பர் போல்ட் எதற்கு? ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தியிருந்தால், அல்லது எல்லாப் பாகமும் நேராக இருந்தும் கேம்பர் கொஞ்சம் எல்லை தாண்டி நின்றால், அதற்கு.

ஏர் கன்னால் இறுக்குவது

கேம்பரைப் பிடித்து வைப்பது புடைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் போல்ட் அமுக்கும் அழுத்தம்தான் பிடிக்கிறது. அழுத்தம் குறைந்தால் முதல் வேகத்தடையிலேயே கேம்பர் நழுவும். அதற்காகக் கம்பெனி போல்ட்டின் டார்க் அளவை, அதாவது எவ்வளவு விசையில் இறுக்க வேண்டும் என்ற அளவை, இதற்கும் வைக்காதீர்கள். தண்டு மெலிவு என்பதால் அதற்கு உரிய அளவு வேறு, பாக்கெட்டில் போட்டிருக்கும். டார்க் ரெஞ்ச் எடுங்கள். சேரும் முகங்களில் துருவையும் பெயிண்டையும் வயர் பிரஷ்ஷால் துடையுங்கள். போல்ட்டின் மறைக்கு (திருகுப் புரிக்கு) கிரீஸ் தடவினால் ரெஞ்ச் காட்டும் அளவு பொய்யாகிவிடும். பழைய லாக் நட்டைத் திரும்பப் போட வேண்டாம். கீழ் போல்ட்டையும் தளர்த்தினோமே, அதை இறுக்கினோமா என்று ஒரு முறை பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் வண்டியை வரச் சொல்லி இரண்டையும் திரும்பச் சோதியுங்கள்.

எடை இறங்கிய சக்கரத்தில் திருப்புவது

சின்னப் புடைப்பு அது, வண்டியைத் தூக்குகிற ஜாக்கி அல்ல. எடையோடு திருப்பினால் அதன் விளிம்பு நசுங்கும். சக்கரத்தைத் தூக்கி, நக்கிளைக் கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். இறக்கியதும் வண்டியை நாலு தடவை அமுக்கி ஆட்டிவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். இல்லையென்றால் சஸ்பென்ஷன் தன் உயரத்துக்கு வந்திருக்காது.

டோவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

பார்க்க மாட்டீர்கள். டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற அளவு. கேம்பரைத் தொட்டால் டோ மாறும், அன்றே பாருங்கள்.

போல்ட் ஓட்டையை அரத்தால் அராவிப் பெரிதாக்குவது

வேண்டாம்.

மைனஸை அள்ளிக் கொடுப்பது

ரேஸ் கார் படம் பார்த்துவிட்டு வருபவர்கள் கேட்பார்கள். டயரின் மேல்பக்கம் உள்ளே வரும்போது ஸ்ட்ரட்டோடு உள்ள இடைவெளி குறையும். அகல டயர் போட்டிருந்தால் உரசும். அதோடு நேர் சாலையில் உள்விளிம்புதான் தேயும்.

ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பது

இடதுக்கும் வலதுக்கும் கேம்பர் வித்தியாசம் அரை டிகிரியைத் தாண்டினால், பிளஸ் அதிகமாக உள்ள பக்கம் வண்டி இழுக்கும். ஆனால் இழுக்கிறது என்று சொன்னவுடன் போல்ட்டைத் தேடாதீர்கள். தண்ணீர் வடிய நம் சாலைகள் இடது ஓரமாகச் சரிந்திருக்கும். நல்ல வண்டியும் அங்கே லேசாக இடப்பக்கம் போகும். சமமான இடத்தில் ஓட்டிப் பாருங்கள், முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றியும் ஓட்டிப் பாருங்கள். டயரோடு இழுவையும் பக்கம் மாறினால் அது டயரின் கோளாறு. ஸ்பேனரைக் கையில் எடுக்கவே தேவையில்லை.